பி.டி. டீச்சரின் இடது கன்னம்

பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை அவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, பி.டி. டீச்சர்தான். மைதானத்தின் மறுகோடியில் அரட்டையடிக்கும் கூட்டத்தைக்கூட ஒரே விசிலில் வரிசைக்கு இழுத்துவிடுவார். ஒரு திங்கட்கிழமை காலை அந்த விசில் சத்தம் போடவில்லை. ஊத ஊத, உதட்டின் இடது ஓரமாகப் ‘புஸ்’ என்று காற்று போயிற்று. முன்வரிசைப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. அவர் சிரித்ததும் பிள்ளைகளின் சிரிப்பு சட்டென்று நின்றது.

கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் போய்ப் பார்த்தார். வலது கன்னம் சிரித்தது. இடது கன்னம் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் தொங்கிக் கிடந்தது. கண்ணை மூடிப் பார்த்தார், இடது கண் மூடவில்லை. கணவருக்குப் போன் செய்தார். பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார்.

“பக்கவாதமா டாக்டர்?” ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது கணவர்தான்.

டாக்டரம்மா டீச்சரின் கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், பேசச் சொன்னார். கடைசியாக, “புருவத்தை மேல தூக்குங்க” என்றார். நெற்றியின் வலது பாதி சுருங்கியது. இடது பாதி இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது.

“நல்லது” என்றார் டாக்டரம்மா.

“நெத்தியும் போச்சு, அது நல்லதா?” கணவருக்குக் கோபமே வந்துவிட்டது.

டீச்சருக்கு அந்த இடத்தில்தான் பயத்தை முந்திக்கொண்டு ஆர்வம் வந்தது. “அது எப்படி டாக்டர்?”

“நெத்திக்கு மட்டும் மூளையோட ரெண்டு பக்கத்துல இருந்தும் கட்டளை வருது. மூளையில ஒரு பக்கம் அடி வாங்கினா, இன்னொரு பக்கம் நெத்தியைக் காப்பாத்திடும். உங்களுக்கு நெத்தியும் சேர்ந்து அசையாம நின்னுருக்கு. கை, கால், பேச்சு எல்லாம் சரியா இருக்கு. அப்போ கோளாறு மூளையில இல்ல. முகத்துக்கு வர்ற நரம்பு காதுக்குப் பின்னாடி, எலும்புக்குள்ள ஒரு சின்ன சந்து வழியா வருது. அங்க வீங்கி நசுங்கிக் கிடக்கு.”

“ஏன் வீங்கிச்சு?”

“வைரஸா இருக்கலாம். உறுதியாத் தெரியாது.”

தெரியாது என்று சொல்லும் டாக்டரை டீச்சருக்குப் பிடித்துப்போனது. தன் கன்னத்தைத் தானே கிள்ளிக்கொண்டார். “நரம்பு வேலை செய்யலங்கிறீங்க. ஆனா கிள்ளினா வலிக்குதே?”

“வலியை மூளைக்குக் கொண்டுபோற நரம்பு வேற. தசையை ‘அசை’ன்னு சொல்ல வர்ற நரம்பு வேற. போற வழி திறந்திருக்கு, வர்ற வழி அடைச்சிருக்கு. அவ்வளவுதான்.”

மாத்திரையும், மூடாத கண் வறண்டுபோகாமலிருக்கச் சொட்டு மருந்தும் தந்தார். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் பொறுமை வேண்டும் என்றார்.

அந்தச் சந்து வழியாக வேறு என்னென்ன போகிறது என்று டீச்சர் புத்தகம் தேடிப் படித்தார். நாக்கின் முன்பகுதியில் ருசியை அறியும் இழைகளும் அதே வழிதான் என்று அறிந்ததும் வீடு பரிசோதனைக்கூடமானது. நாக்கை நீட்டிக் கண்ணைப் பொத்திக்கொள்வார். கணவர் பஞ்சுக்குச்சியில் சர்க்கரையோ உப்போ தொட்டு இடது பக்கம் வைப்பார். சர்க்கரை என்றால் ஒரு விரல், உப்பு என்றால் இரண்டு. விரல் எழவே எழாது. வலது பக்கம் வைத்தால் உடனே எழும்.

“பொய் சொல்லல இல்ல?”

“நாக்கை நீட்டிக்கிட்டு எப்படிங்க பொய் சொல்றது?”

பார்க்க வந்த நாத்தனார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “இந்த முகத்தோட எப்படிம்மா ஸ்கூலுக்குப் போவ?”

“முகத்தாலயா அண்ணி ஓடச் சொல்லித் தர்றேன்?” என்றார் டீச்சர்.

சொன்னாரே தவிர, பள்ளிக் குழுப்படத்துக்கு நிற்கச் சொன்னபோது வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிட்டார்.

மூன்றாவது மாதம் ஒருநாள் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓரமாக ஒழுகவில்லை. கண்ணாடிக்கு ஓடினார். உதட்டின் முனை மெல்லத் துடித்தது. அதன்பின் தினமும் கண்ணாடி முன் நின்று, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் அதட்டினார்: “தூக்கு! இறக்கு! சோம்பேறித்தனம் கூடாது!” கண் மூடியது, கன்னம் சிரிக்கக் கற்றது. ஊன்றிப் பார்த்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகுதான் புதிதாக ஒன்று தொடங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் இடது கண்ணில் மட்டும் கண்ணீர் வழிந்தது.

“காரம் ஜாஸ்தியாயிடுச்சா?” சமைத்த கணவர் பதறினார்.

டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். “நரம்பு திரும்ப வளர்ந்துச்சு இல்லையா? உமிழ்நீர் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை சிலது வழி தவறிக் கண்ணீர் சுரப்பிக்குப் போயிடுச்சு. எல்லாருக்கும் வராது. தொந்தரவா இருந்தா ஊசி போட்டுக் குறைக்கலாம்.”

“வேண்டாம் டாக்டர்” என்றார் டீச்சர்.

வீடு வந்ததும் கணவர் ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி, ஒரு துண்டைத் தட்டில் வைத்தார். டீச்சர் அதை வாயில் போட்டுச் சப்பினார். கணவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மனைவியின் கண்ணருகே குனிந்து பார்த்தார்.

“வருது, வருது” என்றார்.