கிளட்ச் பிடிக்காத மாமா

என் அக்கா கணவரின் வலது ஷூ எப்போதும் பளபளவென்று இருக்கும். இடது ஷூவின் முனை மட்டும் கறுத்துத் தேய்ந்திருக்கும். கியர் லீவருக்கு அடியில் அந்தக் காலை நுழைத்து, கிளட்சைத் தொடாமலே எத்தி எத்தி கியர் ஏற்றுவார். ஒவ்வொரு முறையும் பைக்கின் வயிற்றுக்குள் 'டக்' என்று இரும்பு இடிக்கும். "ரேஸ்ல எவன்டா கிளட்ச் புடிக்கிறான்? பயந்தவன்தான் புடிப்பான்" என்பார். ரேஸ் நடக்கும் இடத்தை அவர் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. போனில் நாலு வீடியோ பார்த்திருந்தார், அவ்வளவுதான். மல்லேஸ்வரத்தில் அவர்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தப் பெருமையைக் கேட்டுத்தான் காபி குடிக்க வேண்டும். நானும் கேட்டுச் சிரித்து வைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்த வீட்டில் இருந்தது ஒரே பைக். வாரத்தில் மூன்று நாள் அக்கா அதில் ஆபீஸ் போவாள். இரண்டாவது கியர் நிற்கவில்லை, தானாக நழுவுகிறது என்று அவரிடம் பலமுறை சொன்னாள். "உனக்கு ஓட்டத் தெரியல" என்றார். ஒருநாள் காலை, பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது அக்கா ஆக்சிலேட்டரை முறுக்க, கியர் நழுவி எஞ்சின் வெறுமனே அலறியது. வண்டி முன்னே இழுக்காமல் வேகம் குறைந்தது. பின்னால் வந்த ஆட்டோ இடித்து அவள் விழுந்தாள். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எங்கள் அம்மாவிடம் அவர் சொன்னது: "பொம்பளைங்க கையில கியர் வண்டி குடுத்தா இப்படித்தான் அத்தை."

அடுத்த வாரம் ஸ்ரீராம்புரத்தில் ஒரு மெக்கானிக் கியர் பாக்ஸைப் பிரித்தார். மாமாவோடு நானும், கட்டுப் போட்ட கையோடு அக்காவும் போயிருந்தோம். ஒரு கியரை எடுத்துத் துணியால் துடைத்துவிட்டு மெக்கானிக் கேட்டார்: "யாரு சார் இதுல கிளட்ச் இல்லாம கியர் மாத்துறது?"

பாராட்டு என்று நினைத்துக்கொண்டார் மாமா. "நான்தான். ஏழு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்."

மெக்கானிக் அந்தக் கியரை அவர் உள்ளங்கையில் வைத்தார். ஒரு கியர் இன்னொன்றைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பற்களின் முனைகள் உருண்டு மழுங்கியிருந்தன. "ரேஸ் வண்டியில கியர் மாத்துற நொடியில எஞ்சின் தானா பவரைக் குறைச்சுக்கும் சார். இதுல அது கெடையாது. பல்லோட பல்லு இடிச்சுத்தான் ஏறும். இப்படி ஆனப்புறம் எப்படி புடிச்சு நிக்கும்?"

"இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல. ஷோரூமுக்குப் போலாம்" என்றார் மாமா. மன்னிப்பு என்ற ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "இங்கயே சரி பண்ணுங்க அண்ணா. சாவியை எங்கிட்டயே குடுங்க" என்றாள்.

கை தேறியதிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். அவர் பின்னால் உட்கார்ந்து மெட்ரோ ஸ்டேஷன் வரை போகிறார். போன மாதம் ஒருநாள் அவர்களுக்குப் பின்னால் நான் என் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் நின்றபோது அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "எதுக்கு இவ்ளோ கிளட்ச் புடிக்கிற?"

பச்சை விழுந்ததும் அக்கா சிக்னலைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, "எறங்குங்க" என்றாள். இறங்கினார். அவள் போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்து, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் கிளட்சை முழுதாகப் பிடித்து, அடுத்த கியருக்கு மாற்றி, அவரைத் தாண்டிப் போனேன்.