எப்சிபா போன கடல்

தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜெபமலரைப் பொறுமைசாலி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு வாடிக்கையாளரிடம்கூட அவள் குரலை உயர்த்தியதில்லை. அப்படிப்பட்டவள் கூடப்பிறந்த தங்கச்சியைப் பற்றி ஊரில் ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் கிளப்பிவிட்டாள்.

அக்காவும் தங்கையும் இலஞ்சியில் வளர்ந்தவர்கள். ஜெபமலர் பத்து வயதிலேயே தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீந்துவாள். சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போனால் தண்ணீர் எங்கே பலமாக விழுகிறதோ அங்கே போய்த் தலையைக் கொடுப்பாள். தங்கை எப்சிபா பத்தடி தள்ளி எல்லோருடைய துண்டையும் சுமந்துகொண்டு நிற்பாள். நாலு துளி மேலே தெறித்தாலே அலறுவாள்.

கப்பலில் இன்ஜினியராக இருந்த பென்னியின் சம்பந்தம் முதலில் ஜெபமலருக்குத்தான் வந்தது. “ஆறு மாசம் தண்ணியில கெடக்குற ஆளு எனக்கு வேண்டாம். நான் இங்கன தனியா ஒக்காந்து என்ன செய்ய?” என்று அவளே தட்டிக்கழித்தாள். இரண்டு வருஷம் கழித்து அதே பென்னியை எப்சிபா கட்டிக்கொண்டாள். ஜெபமலருக்கு மருந்துக்கடை பெஞ்சமின் வாய்த்தார். நல்ல மனிதர். குறை சொல்ல ஒன்றுமில்லை.

எப்சிபாவின் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனபிறகு பென்னி ஓய்வு பெற்றார். ஒருநாள் அவரும் எப்சிபாவும் வந்து தங்கள் தென்காசி வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார்கள். லங்காவித் தீவில் ஒரு வெள்ளைக்காரரின் பழைய பாய்மரப் படகு விலைக்கு வருகிறதாம். இனி அதில்தான் குடித்தனமாம்.

“ஏட்டி, உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா?” என்றாள் ஜெபமலர்.

“இவுக இத்தன வருஷமா ஆசப்பட்டது, அக்கா. எனக்கும் ஒரே இடத்துல இருந்து அலுத்துட்டு.”

சாமான்களைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். எப்சிபாவின் பிரிட்ஜ் ஜெபமலர் வீட்டுக்கு வந்தது. அதைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு என்னமோ செய்தது.

பிறகு போட்டோக்கள் வர ஆரம்பித்தன. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு, படகின் முனையில் காலைத் தொங்கப்போட்டபடி எப்சிபா. சுற்றிலும் நீலம். ஜெபமலர் கடைக்குப் பின்னால் போய் நின்று அந்தப் படங்களை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கிறதா, கையெல்லாம் காய்த்துப் போயிருக்கிறதா, படகில் துரு தெரிகிறதா என்று தேடுவாள். ஒன்றும் சிக்காது. அன்றைக்குச் சோறு இறங்காது. தண்ணீரென்றால் அது தன்னுடையது என்று அவளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. துண்டு சுமந்தவள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒருநாள் எப்சிபா போனில் கேட்டாள். “அக்கா, கொமட்டலுக்கு எந்த மாத்திரை நல்லது? கடல் கொஞ்சம் ஆடுனாப் போதும், கொடலே வெளிய வந்துருது.”

அன்று முழுக்க ஜெபமலர் சிரித்த முகமாக வியாபாரம் பார்த்தாள். சாயங்காலம் செண்பகவல்லி டீச்சர் பிரஷர் மாத்திரை வாங்க வந்தபோது, தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

“என்னத்தச் சொல்ல, டீச்சர்? வீடு வித்தது பூரா அந்தப் படகு முழுங்கிட்டு. கரைக்கு வர வழியில்லாம போன்ல ஒரே அழுகை.”

வாய் தவறி வந்ததல்ல. சொல்லும்போதே இனித்தது. அதிலிருந்து மூன்றாவது ஞாயிறு, சபையில் பாஸ்டர் கண்ணை மூடி, “கடலில் தவிக்கும் சகோதரி எப்சிபாவின் குடும்பத்துக்காக” என்று ஜெபம் பண்ணினார். ஜெபமலரும் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாள்.

தை மாதம் படகு கொச்சிக்கு வந்தது. எப்சிபா ரயிலேறித் தென்காசியில் இறங்கி, நேராகக் கடைக்கு வந்து நின்றாள். மத்தியானம், கூட்டமில்லை.

“எனக்காகச் சபையில ஜெபம் பண்ணாங்களாம்லா? பெங்களூர்ல எம் மவ காதுக்குப் போயி, அவ ஒரு நாள் பூரா அழுதிருக்கா. யாருக்கா இதக் கெளப்புனது?”

ஜெபமலர் மாத்திரை அட்டைகளை அடுக்குவதுபோல் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“நாந்தான்.”

“ஏன்க்கா?”

“பொறாமைதாம்ட்டி. வேற என்ன? அருவிக்கே பயந்தவ நீ. உனக்கு அம்புட்டுக் கடலா? உன் போட்டோ வந்தாலே எனக்கு வயிறு எரியுது.”

எப்சிபா தோள்பையை இறக்கி மேசைமேல் வைத்தாள். அதற்குள் ஒருவர் இருமல் மருந்து கேட்டு வந்தார். ஜெபமலர் எடுத்துக் கொடுத்தாள். அவர் போனதும் எப்சிபா சொன்னாள். “நாளைக்கு எங்கூட வா. வந்து உன் கண்ணால பாரு. அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ.”

“போயிட்டு வா, கடையை நான் பாத்துக்கிடுதேன்,” என்றார் ராத்திரி வீட்டில் பெஞ்சமின்.

கொச்சியில் நின்ற படகின் உள்ளே நிமிர்ந்து நடக்க நாலு எட்டுதான் இடம். குளிக்க இரண்டு செம்புத் தண்ணீர். கக்கூசில் கையால் பம்பு அடிக்க வேண்டும். மெத்தையில் ஈர வாடை. ஜெபமலர் ஒவ்வொன்றையும் பார்த்து மனதுக்குள் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் துறைமுக வாயைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போனார்கள். பென்னி இன்ஜினை நிறுத்திப் பாயை விரித்தார். படகு ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடியது. அரை மணி நேரத்தில் எப்சிபா வாளியும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். ஜெபமலருக்கு ஒன்றுமே செய்யவில்லை. பசித்தது.

“மைனி, இதக் கொஞ்சம் பிடிங்க,” என்று பென்னி சுக்கான் சக்கரத்தை அவள் கையில் கொடுத்தார். காற்று எந்தப் பக்கம் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. “உங்களுக்குப் பிறவியிலேயே வருது,” என்றார். முப்பது வருஷமாக அவள் யாராவது சொல்லக் காத்திருந்த வார்த்தை.

அப்போது பாயின் கயிறொன்று மேலே எதிலோ சிக்கிக்கொண்டது. எப்சிபா வாயைத் துடைத்துக்கொண்டாள். இடுப்புப் பட்டையைப் படகின் கம்பியில் மாட்டி, சாய்ந்த தளத்தில் தவழ்ந்து பாய்மரத்தடிக்குப் போனாள். ஒவ்வொரு சாணுக்கும் பட்டையை ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். கயிற்றை விடுவித்துவிட்டு, அதேபோல் தவழ்ந்து திரும்பி வந்து மறுபடியும் வாளியை எடுத்தாள்.

“பயமா இல்லையாட்டி?”

“தெனமும் பயந்தான். என்ன செய்ய? பயந்துக்கிட்டே போறேன்.”

ஜெபமலருக்குச் சுருக்கென்றது. பயமே இல்லாத தான் இலஞ்சியிலிருந்து தென்காசி வரைதான் வந்திருக்கிறோம். இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு இவள் இத்தனை தூரம் வந்துவிட்டாள். பொறாமை தணியும் என்று நினைத்து வந்தவளுக்கு அது இன்னும் கூடிப்போனது. ஆனால் அதை ஆற்றிக்கொள்ள இனிப் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஊர் திரும்பியதும், ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றாள். “எந் தங்கச்சி கடல்ல தவிக்கல. நல்லாருக்கா. நான் பொறாமையில சொன்ன பொய் அது.” பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கச் சொன்னார். சபையில் சில பெண்கள் ஒரு மாதம் வேறு கடையில் மருந்து வாங்கினார்கள்.

திங்கட்கிழமையே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாள். மறுவருஷம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி மாலத்தீவுக்குப் போய், தீவுக்குத் தீவு பதினோரு நாள் அவர்களோடு படகில் சுற்றினாள். நாலாவது நாள், சக்கரத்தை யார் பிடிப்பது என்று அக்காவுக்கும் தங்கைக்கும் பெரிய சண்டை. சாயங்காலம் வரை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பென்னி இரண்டு பேருக்கும் தனித்தனியாக டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.