தரைப்பாலத்து ஜீப்பின் புகை

பாதி மிதி

“முழுசா மிதிங்க” என்றேன். அவர் கால் பாதியில் நின்றது. இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது.

“அடி வரைக்கும் மிதிச்சாதான் கணக்கு. இன்னொரு தடவை.”

மறுபடியும் பாதி. டீசல் வண்டிக்குப் புகை பார்க்கும் வேலையில் பெரும்பகுதி, மனிதர்களை ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்க வைப்பதில்தான் போகிறது. வண்டி நிற்கும், கியர் இருக்காது. சட்டென்று அடி வரை மிதித்து விட வேண்டும். அப்படிச் சில தடவை. வருகிற புகையின் கருமையை மிஷின் எண்ணாகச் சொல்லும். பழைய வண்டிக்கு அறுபத்தைந்து வரை விடலாம். உங்களிடமும் பழைய வண்டி ஒன்று இருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த வரிசையில் நிற்பவராக இருந்தால் அந்த மிதியின் கஷ்டம் தெரிந்திருக்கும். இத்தனை வருடம் பொத்திப் பொத்தி ஓட்டிய இஞ்சினை ஊரறியக் கதறவிடச் சொல்கிறேன். நானே மிதித்துவிடலாம். ஏதாவது உடைந்தால் நம் தலையில் விழும், பெடலைத் தொடாதே என்பது எங்கள் முதலாளியின் உத்தரவு.

வாரத்தில் நான்கு நாள் சிதம்பரம் புறவழிச்சாலையிலும் இரண்டு நாள் கடலூரிலும் ஒரு வேனுக்குள் மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். அன்று சிதம்பரம். ஜீப்பை ஓட்டி வந்தவர் காசிநாதன், கொள்ளிடத்துக்குள் இருக்கும் ஒரு திட்டைச் சேர்ந்தவர். பின்சீட்டில் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டிய ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். காசிநாதனின் மனைவிக்குத் தம்பி, பெயர் செல்வராசு. சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி வருகிறவர். அவர் தலையை மட்டும் தூக்கிச் சொன்னார்:

“மாமா, அக்காவைக் கட்டுன நாள்லேருந்து நீ எதையுமே முழுசா செஞ்சதில்ல. இதையாவது செய்யேன்.”

மேலே போகும் குழாய்

அந்த ஜீப்பின் புகைக்குழாய் மற்ற வண்டிகளைப் போலப் பின்னால் கீழே இல்லை. பக்கவாட்டில் வளைந்து மேலேறி, கூரைக்கு ஒரு சாண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மிஷினின் ரப்பர் குழாய் அவ்வளவு உயரத்துக்கு எட்டாது. எதிர் டீக்கடையில் ஸ்டூல் வாங்கி வந்து, ஏறி நின்று, கையால் தூக்கிப் பிடித்துச் சொருகினேன். அடுத்த மிதிக்கு வந்த புகையில் பாதி மிஷினுக்கும் பாதி எனக்கும் போனது. எண் தொண்ணூற்றொன்று.

எதற்கு இப்படி ஒரு குழாய் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். “தண்ணிக்கு” என்றார் காசிநாதன். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தால் திட்டுக்குப் போகும் தரைப்பாலம் முழுகிவிடும். கணுக்கால் அளவு ஏறியதுமே மற்ற வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற இந்த ஜீப்பை மட்டும் முழங்கால் அளவு வரை விடுவார்கள். அதற்கு மேல் படகுதான், அது வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். இந்த வருடம் அதிகாரிகள் புதிதாக ஒன்று சொல்லியிருந்தார்கள். எல்லாக் காகிதமும் சரியாக உள்ள வண்டிதான் தண்ணீரில் இறங்கலாம். மற்றதெல்லாம் காசிநாதனிடம் இருந்தது. புகைச் சான்று இல்லை. தண்ணீர் வருவதற்குள் அது கையில் இல்லாவிட்டால் செல்வராசு டயாலிசிஸுக்கு வர வழி இல்லை.

டவுனில் சொந்தக்காரர்கள் யார் வீட்டிலாவது தங்கலாமே என்றேன். பின்சீட்டிலிருந்து பதில் வந்தது.

“ரெண்டு நாள் தங்குனா சோறு போடுவான். ரெண்டு மாசம் தங்குனா அவனே எனக்கு ஊசி போட்டு அனுப்பிடுவான், தங்கச்சி.”

பண்ருட்டி வைத்தியம்

இஞ்சினுக்குள் கரி அடைத்திருக்கிறது, லோடு ஏற்றி விரட்டினால் தானாக வெளியே வந்துவிடும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். முழுப் பொய் இல்லை. நானே சிலரிடம் சொல்வதுண்டு. ஆனால் நான் சொல்லும்போது லோடு என்பது நான்கு ஆட்கள், தூரம் என்பது ஒரு பத்து கிலோமீட்டர். இவர்கள் பண்ருட்டி வரை போய் ஜீப் கொள்ளும் மட்டும் பலாப்பழம் ஏற்றி, சிதம்பரம் வரை இரண்டாவது கியரிலேயே வந்திருந்தார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்றாம். வழியில் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் உதவி வேண்டுமா என்று விசாரித்தாராம்.

இரண்டாவது தடவை பார்த்ததில் எண்பத்து மூன்று. எட்டு எண் குறைந்திருந்தது. காசிநாதன் அதை ஒரு வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். என் வரிசையில் நின்றவர்கள் புகையை மறந்துவிட்டு ஜீப்பைச் சுற்றி நின்று பழங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்ததால் செல்வராசு பழக்குவியலின் மேல் ஒரு சாக்கை விரித்துப் படுத்திருந்தார். சிறுநீரகம் கெட்டவர்கள் பலாப்பழம் தொடக் கூடாது என்பார்களே என்று கேட்டேன்.

“அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. வேற எங்க வைக்கிறது, சொல்லு.”

நம்பர் பிளேட்டில் குங்குமம்

மூன்றாவது தடவை ஜீப் வந்தபோது முன்னால் எலுமிச்சம்பழ மாலையும், நம்பர் பிளேட் நிறையச் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் இருந்தன. ஊரில் அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டிருக்கிறார்கள். புகை பார்ப்பதோடு வண்டியை நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியது. ஈரத்துணியை நீட்டினேன். காசிநாதன் வாங்கவில்லை.

“பூசாரி வச்சதும்மா. நாம எடுக்கக் கூடாது. தானா உதுரணும்.”

சற்று யோசித்தவர், ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பக்கத்து ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்கினார். திரும்பி வந்து குனிந்து பார்த்தார். மறுபடியும் போனார். ஐந்தாவது தடவைக்கு ஒரு எட்டும் பாதி மூன்றும் வெளியே வந்தன. வரிசையில் இருந்தவர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்திருந்தார்கள். ஒன்பதாவது தடவைக்குப் பிறகு எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. குலுக்கலில் முகம் வெளிறிப்போயிருந்த செல்வராசு இறங்கி நிழலில் உட்கார்ந்தார்.

“அய்யனாருக்கு நம்ம நம்பர் மனப்பாடம். இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கு.”

பின்னால் நின்ற கார்

அன்றைக்கும் தேறவில்லை, எழுபத்தெட்டு. ஜீப்புக்குப் பின்னால் ஒரு புது டீசல் கார் நின்றது. அதிலிருந்து இறங்கி வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே யோசனை சொன்னார். போட்டோ ஜீப்புடையது ஏறிவிட்டது. குழாயை என் காரில் சொருகுங்கள். ஐந்து நிமிட வேலை. அவர் ஆற்றைத் தாண்டுவார், நான் ஆபீஸுக்குப் போவேன், யாருக்கும் நஷ்டமில்லை.

அப்படி நடக்காத தொழில் இல்லை இது. நீங்கள் வரிசையில் நின்றிருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். முதலாளிக்கு போன் செய்தேன். “பார்த்துச் செய்மா” என்றார். நடந்தால் தனக்குத் தெரிய வேண்டாம், மாட்டினால் தனக்குத் தெரியாது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். மிஷினைத் திறக்கும் பாஸ்வேர்டு என் பெயரில் இருக்கிறது. முடியாது என்றேன். செல்வராசு உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

காசிநாதன் ஸ்டூலை எடுத்துப்போய் டீக்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். மழை மேகமெல்லாம் மேற்கே கூடிக்கொண்டிருப்பதாகவும், மேட்டூர் நிறைந்துகொண்டிருப்பதாகவும் காலையில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். செல்வராசு எழுந்து, ஜீப்பின் கம்பியைப் பிடித்து நின்றார்.

“என் ரத்தத்தையே நாலு மணி நேரத்துல சுத்தம் பண்ணி அனுப்பிடுறாங்க. இது ஒண்ணரை மாசமா அழுக்காவே கெடக்கு. மாமா, அடுத்த தடவை இதை எனக்குப் பக்கத்து பெட்டுல போட்டுடு.”

அரைச் சுற்று

கடலூரில் என் வேன் நிற்கும் இடத்துக்கு எதிரில் இஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பைப் பழுது பார்க்கும் ஜாபர் பாயின் கடை. அந்த வாரம் காசிநாதன் தனியாக ஜீப்பை அங்கே கொண்டுவந்து விட்டார். பாய் பம்பைக் கழற்றி, டீசலைப் பீச்சும் நாசில்களைப் புதிதாகப் போட்டு, இரண்டு நாள் வைத்திருந்தார். எல்லாம் மாட்டிய பிறகும் அவருக்குத் திருப்தி இல்லை. இஞ்சின் தேய்ந்துவிட்டது, இதற்கு மேல் புகையை நிறுத்த வேண்டுமானால் டீசலைத்தான் நிறுத்த வேண்டும் என்றார். பம்பின் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் திருப்பினால் இஞ்சினுக்குப் போகும் டீசல் குறையும். புகையும் குறையும். இழுவையும் குறையும்.

திருப்புவதற்கு முன் பாய் ஸ்க்ரூவின் பழைய இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். பிறகு அரைச் சுற்று திருப்பி நட்டை இறுக்கினார். “புகை ஜாஸ்தி வராது, டெஸ்ட்ல நின்னுடும். ஆனா லோடோட சேத்துல ஏறாது. தண்ணியில எறங்குறதுக்கு முன்னாடி இந்தக் கோட்டுக்குக் கொண்டாந்துடுங்க. மறந்தீங்கன்னா நட்ட நடு ஆத்துல நின்னுடும்” என்று காசிநாதனிடம் சொன்னார்.

சான்று வாங்கிய பிறகு பம்பில் கை வைப்பது குற்றம். அதை எழுதி என் வேனின் கதவிலேயே ஒட்டியிருக்கிறோம். “பாய், நான் இங்கதான் நிக்கிறேன்” என்றேன். அவர் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார்.

“தெரியுதும்மா. உன்கிட்டயா சொன்னேன்?”

அறுபத்தொன்று

வெள்ளிக்கிழமை மதியம் சிதம்பரத்துக்கு வந்தார்கள். டயாலிசிஸ் முடிந்து நேராக வருவதாகச் சொன்னார் காசிநாதன். சாலையில் ஜீப் வந்த வேகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி சைக்கிளில் அதை முந்திக்கொண்டு போனாள். காசிநாதன் மிதித்தார். புகை முன்பைவிட வெளுத்து வந்தது. அறுபத்து மூன்று, அறுபத்தொன்று, அறுபது. சராசரி அறுபத்தொன்று.

சான்றை அச்சடித்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பாலிதீன் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அப்போது அவர் மனைவி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது. காலையில் நீங்கள் போன பிறகு தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது, கணுக்காலைத் தாண்டிவிட்டது, ஊர் திரும்பப் பால்கேன்களோடு எட்டுப் பேர் டவுன் பக்கக் கரையில் ஜீப்புக்காக நிற்கிறார்கள், சீக்கிரம் வா.

காசிநாதன் பானெட்டைத் திறந்தார். சாலையோரத்தில், என் ஜன்னலிலிருந்து நான்கடி தூரத்தில், அந்த வெள்ளைக் கோடு எனக்கே தெரிந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கட்டிங் பிளேயரை எடுத்து நட்டைப் பிடித்தார். வழுக்கியது. துணியைச் சுற்றிப் பிடித்தார். மறுபடியும் வழுக்கி, கை பம்பில் மோதித் தோல் உரிந்தது. செல்வராசு பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சுத்தம் செய்த பிறகு அவருக்கு எப்போதும் அப்படித்தான், கொஞ்ச நேரத்துக்குப் பேச மட்டும்தான் தெம்பு இருக்கும்.

“அந்தப் பேப்பரை எடுத்து நட்டுக்கிட்ட காட்டு மாமா. கவர்மெண்ட்டுன்னா பயந்து கழண்டுக்கும்.”

காசிநாதன் சிரிக்கவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார், மெக்கானிக் கடை ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை.

ஒரு வண்டி இரண்டு நிமிடம் எப்படி இருந்தது என்பதற்கு நான் கொடுக்கும் சான்று ஆறு மாதம் செல்லும்.

வரிசையில் அடுத்து நின்ற லோடு ஆட்டோவை முன்னால் வரச் சொல்லிக் கை காட்டினேன். ஜெனரேட்டருக்காக வேனில் வைத்திருக்கும் டூல் பெட்டியைக் காலால் இழுத்துத் திறந்து, பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைத் தேடி எடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.