சிவப்புக் குடை அம்மா

கும்மிடிப்பூண்டியில் உள்ள எங்கள் தொழிற்சாலை ஆட்களுக்குச் சென்னையைச் சுற்றிக்காட்ட வந்த வழிகாட்டி அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். கையிலிருந்த சிவப்புக் குடையை வெயிலிலும் விரிக்கமாட்டார். எங்களுக்கு அடையாளமாக உயர்த்திப் பிடிக்கத்தான் அது.

பாரிமுனை நெரிசலில் பாதிப் பேரைக் காணவில்லை. கூட்டிவந்த பொறுப்பு என்னுடையது என்பதால் பதறிப்போனேன்.

"இன்னாத்துக்கு சார் பேஜாராவுறீங்க? உங்க கம்பெனில டீக்கு எப்டி கூப்புடுவாங்க?"

"மூணு தபா சங்கு ஊதுவாங்கக்கா."

அவர் தன் விசிலை மூன்று முறை நீட்டி ஊதினார். துணிக்கடை, பழக்கடையிலிருந்தெல்லாம் ஓடிவந்த எங்கள் ஆட்கள் அவர் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

"டீ எங்கக்கா?" என்றார் ஒருவர்.

"கோட்டையப் பாத்துட்டுத்தான் டீ!"

குடையை உயர்த்தியபடி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

இப்போதும் டீக்குச் சங்கு ஊதினால், என் கண் முதலில் சிவப்புக் குடையைத்தான் தேடுகிறது.