ஜமீன் பங்களா வாசலில் நின்றவன்

பூங்காவில் காவல் வேலை என்றால் மர நிழலில் தூங்குகிற வேலை என்று நினைக்கிறவர்கள், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள். நெய்வேலியில் நான் நிற்கும் இடம் ஒரு காலத்தில் ஜமீன் பங்களா. இப்போது ஊருக்கே பூங்கா. வாசலில் நின்று வயிறு எரிந்த காவலாளிகளே, உங்களுக்குப் புரியும்.

சாவியும் தூணும்

மைன்ஸில் பெர்மனென்ட் வேலையில் இருக்கும் ஒருவர், குவார்ட்டர்ஸ் சாவியால் பங்களாத் தூணில் தன் பெயரையும் மனைவி பெயரையும் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். வெட்கப்படுவார் என்று பார்த்தால், என்னைத்தான் முறைத்தார்.

"ஜமீன்தார் பேரே இங்க நிக்கல. என் பேர் நின்னா உனக்கு எங்கய்யா வலிக்குது?"

விசிறி

கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுக்க ஒரு ஜோடி வந்தது. பெண் ஊஞ்சலில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். போட்டோகிராபருக்கு அது போதவில்லை. பெருக்கிக்கொண்டிருந்த அஞ்சலையைக் கூப்பிட்டு, மயில் விசிறியை நீட்டி, "பின்னாடி நின்னு வீசுங்கக்கா, ஜமீன் ஃபீல் வரும்" என்றான். அஞ்சலையின் அப்பா இதே பங்களாவில் கூலி இல்லாமல் உழைத்தவர். நான் வாய் திறப்பதற்குள் அவளே துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

"எங்கப்பன் வீசினதே போதும். நீ வீசு தம்பி, நான் ஊஞ்சல்ல குந்திக்கிறேன்."

முன்வாசல்

காடாம்புலியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சிறுவயதில் இங்கே மாமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றியவராம். முன்வாசல் வரை வந்தவர், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "போட்டுக்குங்க ஐயா, இப்ப யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

அதற்குள் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. உள்ளே இருந்தவர், "எங்க தாத்தா கட்டின வீடு. கேட்டைத் திற" என்றார். வண்டிக்கு அனுமதி இல்லை, நடந்து வாருங்கள் என்றேன். அவர் போனை எடுத்தார். இரண்டு நிமிடத்தில் சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடிவந்து, கேட்டை இரண்டு பக்கமும் திறந்துவிட்டு, "அந்த ஆளை ஓரமா நிறுத்துய்யா!" என்று என்னிடம் கத்தினார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். பெரியவரின் கையைப் பிடித்துப் பாதையின் நடுவிலேயே மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன். கார் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

மத்தியானத்துக்குள் என்னைப் பின்வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். விஷயம் தெரிந்து பெரியவர் தேடி வந்தார். செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது.

"எனக்காக ஏன் தம்பி பொல்லாப்பு தேடிக்கினீங்க? சொல்லியிருந்தா நான் பின்வாசல் வழியாவே வந்திருப்பேனே."

நான் பின்வாசலுக்கு வந்துவிட்டேன்; 'அனைவரும் வருக' என்ற பலகை மட்டும் இன்னும் முன்வாசலில் வேலை பார்க்கிறது.