பத்தாவது சொல்

காரை மழையில் நனையவிட்டுவிட்டு ஷெட்டில் நான் ஒரு சி.என்.சி. ரவுட்டரை வைத்திருக்கிறேன். கணினியில் வரைந்து கொடுத்த கோட்டின் மேலேயே பிட் என்ற வெட்டுமுனையை ஓட்டி மரத்தைக் குடையும் சின்ன இயந்திரம். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த கிறுக்கு அது. வீட்டுப் பெயர்ப்பலகை, சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குச் சிலுவை என்று எதையாவது குடைந்துகொண்டிருப்பேன். கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தைத் திட்டாதவர்கள் குறைவு. முதல் ஆள் என் மனைவி.

"அந்தச் சவத்தக் கொஞ்சம் நிறுத்துங்க. சர்ச்சில போய் இருந்தாலும் எனக்க காதுக்குள்ள அதுதான் இரையுது" என்பாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. சொன்னால் புரிந்துகொள்வாள். பதிலுக்கு ஒரு முனகல் வரும், அதை வைத்து நான் தண்ணீரா, போர்வையா என்று ஊகிப்பேன். பெரும்பாலும் தப்பாகத்தான் ஊகிப்பேன். இப்போது எவ்வளவு நேரம் ஓட்டினாலும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல ஆளில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகள், தொட்டால் பேசும் ஒரு செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். இடது கை விரல் நடுங்குகிறவளுக்குக் கண்ணாடித் திரை ஒத்துவரவில்லை. தண்ணீர்ப் படத்தைத் தொடப் போய் விரல் வழுக்கி வேறெதையோ தொடும். போன் ஒரு பெண்குரலில் "எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது" என்று சொல்லும். அவள் போனைத் தூக்கி மெத்தையில் எறிந்தாள். மரத்தில் சொற்களைப் பள்ளமாகக் குடைந்தால் விரல் அதற்குள் நிற்குமே என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். இவ்வளவு நாள் ஏலத்துக்குச் சிலுவை செய்த இயந்திரம் வீட்டுக்கும் உதவட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் இயந்திரத்துக்குக் கோடு வரையும் வடிவமைப்பு மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்த்துப் போடும். அப்படியே சரியாக வந்தாலும் ஒவ்வொரு எழுத்தையும் இரட்டைக் கோடாக வெட்டும்; விரல் ஓட ஒற்றைப் பள்ளம் கிடைக்காது. அதைத் தயாரித்தவர்களின் இணையதளத்தில், வேண்டிய வசதிகளைக் கேட்கும் விருப்பப் பட்டியல் பக்கத்தில் போய் எழுதினேன்: தமிழ் எழுத்து வேண்டும், அதுவும் ஒற்றைக் கோட்டில் வேண்டும். "இது எத்தனை பேருக்குப் பயன்படும்?" என்று யாரோ ஒருவர் கீழே கேட்டிருந்தார். ஒருத்திக்கு என்று தட்டச்சு செய்துவிட்டு அழித்தேன்.

அப்புறம்தான் அவளுடைய நோட்டுகள் நினைவுக்கு வந்தன. எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் மலையாளத்தில், சர்ச் தமிழில். அவள் தமிழ் எழுதப் படித்தது ஓய்வுநாள் பாடசாலையில். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு சர்ச் பெண்கள் சங்கத்துக்குப் பதினெட்டு வருடம் காரியதரிசியாக இருந்து, கூட்டக் குறிப்பு முழுவதையும் உருண்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அச்செழுத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், அந்த நோட்டைக் காட்டியதும் வரிக்கு வரி விரல் ஓட்டினாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த நோட்டுகளிலிருந்தே சொற்களைப் பொறுக்கினேன். "சாயாவும் வடையும் வழங்கப்பட்டது" என்ற வரியிலிருந்து சாயா. "முட்டுவலியுள்ள சகோதரிக்காக ஜெபிக்கப்பட்டது" என்பதிலிருந்து வலி. சர்ச் கக்கூஸுக்குக் கதவு போடத் தீர்மானித்த கூட்டத்திலிருந்து கக்கூஸ். இப்படித் தண்ணீர், கஞ்சி, குளிர், வெளிச்சம், மகள், ஜெபம் என்று ஒன்பது சேர்ந்தன. ஒவ்வொன்றையும் படம் பிடித்து, கணினியில் அவள் கை போன வழியிலேயே கோடு போட்டேன்.

முதல் பலகை பாழானது. திரையில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. பலகையைப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்பு திரையில் எங்கே தெரிகிறது? பிட் நேராகப் போய் அதில் மோதி முறிந்து என் காதோரமாகப் பறந்தது. கிளாம்பையும் திரையில் காட்டுங்கள் என்று பட்டியலில் இன்னொன்று எழுதினேன், கொஞ்சம் காட்டமாகவே. காட்டாக்கடையில் போய் வேறொரு அயனிமரப் பலகை வாங்கி வந்து, இரண்டாம் தடவை முடித்தேன்.

பலகையை மடியில் வைத்ததும் அவள் ஒன்பது சொல்லையும் விரலால் ஓட்டிப் பார்த்தாள். பிறகு எழுத்தில்லாத வலது மூலையை விரலால் குத்தினாள். மறுநாளும் அதையே செய்தாள். அப்பமா, மீனா, பைபிளா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த மகள்தான் கண்டுபிடித்தாள்.

"அப்பா, அம்மைக்கு ஒண்ணு வேண்டாம்ன்னா அத சொல்ல அதில ஒண்ணும் இல்லியே?"

எனக்கு அது தோன்றவே இல்லை. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் அதை என்னிடம் சொல்லிக் கேட்ட ஞாபகமும் இல்லை. சொல்லியிருப்பாள், நான் கேட்டிருக்க மாட்டேன். நோட்டு முழுக்கத் தேடினேன். சங்கக் கூட்டத்தில் எல்லாமே ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. ஒரு இடத்தில்கூட அந்தச் சொல் இல்லை. கடைசியில் "வேண்டும்" என்ற சொல்லை எடுத்து, "கொண்டாட்டம்" என்பதிலிருந்து 'டா'வை வெட்டி 'டு' இருந்த இடத்தில் ஒட்டினேன். இறக்கிய பலகையைத் திரும்ப ஏற்றினால் பழைய இடத்தை இயந்திரம் தானாகக் கண்டுபிடிக்காது. அரை நாள் உருட்டி, அந்த மூலையில் பத்தாவது சொல்லைக் குடைந்தேன்.

அது திங்கட்கிழமை. செவ்வாய்தோறும் அவளை நெய்யாற்றின்கரைக்கு உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப் போவது வழக்கம். கை மடங்காது, மடக்குவார்கள்; அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். மறுநாள் காலை நான் கார் சாவியை எடுத்தேன். அவள் பலகையை இழுத்து மடியில் வைத்து, நடுங்கும் விரலை அந்த மூலைச் சொல்லுக்குள் வைத்தாள். எழுத்தெழுத்தாக ஓட்டினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள்.

எனக்கு என்ன சந்தோஷம்! பலகை வேலை செய்கிறது, பள்ளத்தின் ஆழம் சரி, விரல் நழுவவில்லை. அதைத்தான் பார்த்தேன்.

"ஏட்டி, எழுதினது நல்லா தெரியுது, இல்லியா?" என்றேன். "செரி, வா. ஒரு மணிக்கூர்தானே. எல்லாம் உனக்க நல்லதுக்கு ஆக்கும்."

பலகையை வாங்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அவளை அணைத்துத் தூக்கிக் காரில் உட்கார வைத்தேன். அமரவிளை தாண்டும்வரை நான்தான் பேசிக்கொண்டு போனேன். அடுத்து எந்தச் சொற்களைச் சேர்க்கலாம் என்றுகூடக் கேட்டேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் பலகையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் இடது கையாலேயே மெதுவாக அதைக் கவிழ்த்து வைத்தாள். எழுத்து கீழே, வெறும் மரம் மேலே. அப்போதுதான் காலையில் நான் செய்தது எனக்கு உறைத்தது.

அடுத்த செவ்வாய் நான் சாவியைத் தொடவில்லை. கட்டிலருகில் உட்கார்ந்து, "இண்ணைக்குப் போகண்டாம், நீ சொன்னா போகண்டாம்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். பலகையை நிமிர்த்தி அந்த மூலையை அவள் விரலருகில் நகர்த்தி வைத்தேன். அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.