கிடைநாய்க்கு வந்த உண்ணிக் காய்ச்சல்

நாய் கிளினிக்கில் உதவியாளர் என்றால் நாயைப் பிடித்துக்கொள்கிற வேலை என்று நினைப்பீர்கள். முக்கால்வாசி நேரம் நாங்கள் பிடித்து உட்கார வைப்பது நாயைக் கூட்டி வந்தவரைத்தான். டாக்டரம்மாவிடம் சேர்ந்தபோது எனக்கிருந்த ஒரே தகுதி, மகள் தலையில் பேன் பார்த்துப் பழகிய விரல்கள். நாயின் காதுமடலில் உண்ணி எடுக்க அதுவே போதுமாயிருந்தது. டார்ச்சும் கையுமாக நாயோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

துபாய்ப் பட்டை

மளிகைக்கடை ஜமால் பாயின் நாய் டைகருக்குக் காய்ச்சல் குணமாகும், மறுபடி வரும். துபாயில் இருக்கும் மகன், மணல் ஈ கடித்தால் நாய் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏறும் என்று சொல்லி, அந்த ஈயை விரட்டும் ஒரு கழுத்துப்பட்டை அனுப்பியிருந்தார். பாய் அதை மாட்டியதோடு நிற்கவில்லை. கடை வாசலில் கிடந்த ஆற்றுமணலையும் அள்ளிக் கொட்டிவிட்டு வந்திருந்தார்.

"பையன் சொன்னது சரிதான் பாய். ஆனா அங்க அந்த ஈ பண்ற வேலையை இங்க உண்ணி பண்ணுது. டைகர் எங்க படுக்குறான்?" என்றார் டாக்டரம்மா. அரிசிக் கிடங்கில், பழைய சாக்குமேல். உண்ணி குடியிருப்பதே அங்கேதான், சாக்கிலும் சுவர் வெடிப்பிலும். பாய் அந்த வாரமே சாக்கைக் கொளுத்தி, வெடிப்பைப் பூசி, கிடங்குக்கே வெள்ளையடித்துவிட்டார். அசந்துபோய்ப் பார்த்த என்னிடம் சொன்னார்: "என் நிக்காஹ்வுக்குக்கூட இதுக்கு வெள்ளையடிக்கலம்மா!"

நெல்லுக்கு அடிக்கிற மருந்து

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட ராமநாதபுரம் பக்கமிருந்து மந்தையோடு வருகிற கீதாரி முனியாண்டி அண்ணன், ஒருநாள் தன் காவல்நாய் கருப்பனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஈறு காகிதமாக வெளுத்திருந்தது. மூத்திரம் கடுங்காப்பி நிறம். போதாததற்கு உடம்பெல்லாம் மருந்து நெடி. வயல்காரர் செல்வராசு, உண்ணியைப் பார்த்துப் பாவப்பட்டு, நெல்லுக்குப் புகையான் பூச்சி வந்தால் அடிக்கிற மருந்தைக் கைத்தெளிப்பானில் கலந்து நாய்மேல் அடித்துவிட்டார்!

நான் சோப்புப் போட்டுக் கழுவக் கழுவ, டாக்டரம்மா ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். ரத்த அணுவுக்குள் எள்ளுப்போல இரண்டிரண்டாக ஒட்டுண்ணிகள். ஊசி போட்டாயிற்று. ஆனால் வேறு ரத்தம் ஏற்றினால்தான் பிழைக்கும் என்றார். கீதாரி அழவில்லை. கருப்பன் காதில் குனிந்து சொன்னார்: "நீ போயிட்டா நரிக்கு யாருடா பதில் சொல்றது?"

வீரா

செல்வராசு அண்ணனுக்கு முகமே இல்லை. கூடவே வந்திருந்தவர் விருட்டென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். பார்த்தால் ஜமால் பாயின் லோடு ஆட்டோவில் தன் வீட்டு நாய் வீராவை ஏற்றிக்கொண்டு வருகிறார். கன்றுக்குட்டி உயரம், தேடினாலும் ஒரு உண்ணி இல்லை. அவர் மனைவி தினமும் உட்கார்ந்து எடுக்கிறாராம். இரண்டு ரத்தத்தையும் சோதித்தோம், ஒத்துவந்தது.

வீரா அசையாமல் படுத்திருந்தான். செல்வராசு அண்ணன்தான் ஊசியைப் பார்த்ததும் சுவரோடு சரிந்தார். சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, பத்தலைன்னா என்கிட்ட எடுக்க முடியாதா?"

மே...

ரத்தம் ஏறியும் கருப்பன் எழுந்திருக்கவில்லை. பால், முட்டைச் சோறு, ஈரல் எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டரம்மா மணிக்கொருதரம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். நான் பால்வாடியில் மகளை விட்டுவிட்டு ஓடிவந்து முதலில் பார்ப்பது அவன் வயிறு ஏறி இறங்குகிறதா என்றுதான். மூன்றாம் நாள் கீதாரி துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். "உள்ளே கொண்டுவரக் கூடாதுண்ணே" என்று நான் தடுப்பதற்குள் அது கத்திவிட்டது, பிறந்து சில நாளேயான ஆட்டுக்குட்டி. தரையில் விட்டதும் மருந்து அலமாரிக்கு அடியில் ஓடியது.

கருப்பனின் காது நிமிர்ந்தது. முன்னங்கால் ஊன்றினான், சரிந்தான், மறுபடி ஊன்றினான். தள்ளாடிப் போய்க் குட்டியை மூக்கால் முட்டி வெளியே எடுத்து, என் காலைச் சுற்றி, நேராக வாசல் பக்கம் ஓட்டினான். கையில் தெர்மாமீட்டரோடு நின்ற டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கீதாரி துண்டை உதறித் தோளில் போட்டார்: "அவன் வேலைக்குக் கிளம்பிட்டான், தாயி. நீங்க என்னத்துக்கு இன்னும் காய்ச்சல் பாக்குறீங்க?"

அன்றிலிருந்து, ஊசியும் மருந்தும் மைக்ராஸ்கோப்பும் இத்தனை இருந்தும் எங்கள் கிளினிக்கில் அவசரத்துக்கு ஒரு ஆட்டுக்குட்டி இல்லையே என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே குறை.